ஹால்வர் ஏரியில் ஒரு கொக்கி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆரின் டால்பெர்க் முதல் கோப்பைக் காபியை முடிப்பதற்குள், பதினான்காம் எண் இடத்துக்காரர் டர்வுட் சண்டைக்கோலத்தில் வந்து நின்றார்.

"ஷெரீஃப், என் கொக்கியைத் திருடிட்டானுங்க."

ஆரின் ஒருநாளும் ஷெரீஃபாக இருந்ததில்லை. கவுண்டியின் காவல்துறையான ஷெரீஃப் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் விசாரணையாளராக இருந்தவர். அதில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலை விபத்துகளுக்கு அறிக்கை எழுதியே போயிற்று. இப்போது எழுபத்தொரு வயதில், ஹால்வர் ஏரி முகாமின் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. கோடை முழுக்க, தான் குடியிருக்கும் இழுவை வீடான ட்ரெய்லரை இலவசமாக நிறுத்திக்கொள்ளலாம். பதிலுக்கு விறகுக்கட்டு விற்கவேண்டும், கழிப்பறையில் காகிதம் தீராமல் பார்த்துக்கொள்ளவேண்டும், சத்தமாகப் பாட்டு வைப்பவர்களைப் போய் முறைக்கவேண்டும். ஜூலை பாதியில் அந்த முறைப்புக்கே தெம்பு குறைந்துவிட்டது. 'ஷெரீஃப்' என்பதைத் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டார்.

"உக்காருங்க டர்வுட்," என்றார். "எந்தக் கொக்கி?"

"எந்தக் கொக்கியா? ட்ரெய்லரை இழுக்கிற கொக்கி! பிக்கப் வண்டிக்குப் பின்னாடி பூட்டி வெச்சிருந்தேன். காலையில பாத்தா பூட்டையும் காணோம், கொக்கியையும் காணோம். பன்னெண்டு மணிக்கு இடத்தைக் காலி பண்ணணும். வெறுங்கையால இழுத்துட்டுப் போகவா?"

பக்கத்து ட்ரெய்லரின் வலைக்கதவு படாரென்று திறந்தது. லவோன் காபிக் குடுவையுடன் வெளியே வந்தாள். ஆரினின் காலமான மனைவியின் தங்கை. முப்பது வருடம் தபால் அலுவலகத்தில் இருந்து, ஊரில் யார் யாருக்கு என்ன எழுதுகிறார்கள் என்று தெரிந்து வைத்திருந்தவள். ஆரின் துப்பறிவதைவிட அவர் துப்பறிவதைப் பார்ப்பதில்தான் அவளுக்கு ருசி. இந்தக் கோடையில் அவளுக்கு இதுவரை கிடைத்த வழக்கு, கரடி உருட்டிப்போட்ட குளிர்பெட்டி ஒன்றுதான்.

"திருட்டா?" என்றாள், கண்கள் மின்ன. "பூட்டை உடைச்சா, திறந்தா?"

"உடைச்சிருந்தா சத்தம் கேட்டிருக்கும். திறந்திருக்கான். சாவி என் இடுப்பை விட்டு நகரலை." டர்வுட் சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டினார். "யாருன்னும் எனக்குத் தெரியும். ராய்ஸ்."

ஆரின் கோப்பையைக் கீழே வைத்தார். டர்வுடும் ராய்ஸும் இருபத்தாறு வருடமாக ஜூலை இரண்டாம் வாரத்தில் சேர்ந்து வருபவர்கள். முதலில் ஐந்து ட்ரெய்லர்கள் வந்தன. ஒருவர் அரிசோனாவுக்குக் குடிபோனார், ஒருவரை விவாகரத்து கொண்டுபோயிற்று, ஒருவரைப் புற்றுநோய். மிஞ்சியது இரண்டு.

"ராய்ஸ் எதுக்கு எடுக்கணும்?"

"புதன்கிழமை பேச்சு முத்திப்போச்சு. ட்ரெய்லரை வித்துடுன்னான். என்கிட்ட! நான் நாப்பது வருஷமா இழுக்கறவன்! அவன் ட்ரெய்லரைச் சோதனை போடுங்க. இல்லேன்னா நான் போலீஸைக் கூப்பிடறேன். இனிமே அவன் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்."

லவோன் டர்வுடின் இடது கை ஓரமாக ஒரு கோப்பைக் காபியை வைத்தாள். டர்வுட் மேசையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எனக்குக் காபி கிடையாதா?"

"மூக்குக்கு முன்னாடிதானே வெச்சேன், மனுஷா!"

"ஓ," என்று தலையை முழுதாகத் திருப்பி எடுத்துக்கொண்டார். குடிக்கவில்லை. எழுந்தார். ஆரினின் பிக்கப்பைச் சுற்றிப் போகும்போது, அதன் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கொக்கியில் இடது முழங்கால் மடேரென்று இடித்தது. குனிந்து அந்தக் கொக்கியையே பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே நடந்தார்.

"வாங்க, வந்து பாருங்க," என்றார் திரும்பாமலே.

*

பதினான்காம் எண் இடம், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வகை. பின்னோக்கி ஓட்டும் வேலையே இல்லை. புதிதாக ட்ரெய்லர் வாங்கியவர்கள் அதற்காக அடித்துக்கொள்வார்கள்; பழையவர்களுக்கு அதில் ஓர் இளக்காரம். ஏரியை ஒட்டிய பதினோராம் எண் இடம் காலியாகக் கிடந்தது. இருபத்தைந்து வருடம் டர்வுட் அங்கேதான் நிறுத்தினார். இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே அவர் பின்னோக்கி ஓட்டுவதும், அவர் மனைவி மார்லிஸ் பின்னால் நின்று கையை ஆட்டுவதும், இவர் ஜன்னல் வழியே கத்துவதும் முகாமுக்கே ஒரு வேடிக்கை.

"இந்த வருஷம் ஏன் இங்கே?" என்று லவோன் கேட்டாள்.

"ஏரிப்பக்கம் கொசு."

"கொசு எல்லாப் பக்கமும்தான். இதோ, என் கழுத்திலேயே நாலு."

ஆரின் முனகிக்கொண்டே ஒரு காலை மடித்து பிக்கப்பின் பின்னால் உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது. கொக்கி செருகும் சதுரக் குழாய் கண்முன்னே இருந்தது. அதன் வாயைக் கறுப்பு ரப்பர் மூடி ஒன்று அழுத்தமாக மூடியிருந்தது. விளிம்பில் ஒரு கீறல் இல்லை; தரையில் இரும்புத்தூள் இல்லை.

"எவ்வளவு கனம்?"

"ஒரு சிமென்ட் மூட்டையில பாதி. இரும்பு. மேலே ட்ரெய்லர் மாட்டற குண்டு, அதுல கிரீஸ் இருக்கும், அதனால டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டி வெச்சிருப்பேன். பழைய பந்து, லூசா இருக்கும். என் பேர் எழுதியிருக்கும்."

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"ராத்திரி சாப்பிட்டதுக்கப்புறம். காலையில அஞ்சு மணிக்கு மீன் பிடிக்கப் போனேன். ஒண்ணும் கடிக்கலை. திரும்பி வந்து ஆறரை மணிக்குக் கவனிச்சேன்."

ஆரின் எழுந்து ட்ரெய்லரைச் சுற்றி நடந்தார். வலப்பக்கம் பளபளவென்று இருந்தது. டர்வுட் வண்டியைத் துடைக்காத நாள் இல்லை. இடப்பக்கம் சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் நீளமாக ஒரு நசுங்கல், அதில் வெள்ளைப் பெயின்ட் தீற்றல். ஓர விளக்கு ஒன்று உடைந்து ஒயரில் தொங்கியது. அதை யாரும் ஒட்டக்கூட இல்லை.

உள்ளே மார்லிஸ் கோப்பைகளைத் துண்டில் சுற்றி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது, ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவருடைய முறைப்புக்குப் பயந்து வளர்ந்தவர்கள். ஆனால் ட்ரெய்லர் விஷயத்தில் கணவர் வெளிவேலை, அவர் உள்வேலை. கொக்கி, குழாய், படகு எதையும் அவர் தொட்டதில்லை. படகில் ஏறியதே இல்லை, தண்ணீர் என்றால் பயம்.

"உங்களுக்கு யார் மேல சந்தேகம், மார்லிஸ்?"

"சந்தேகப்படறதுக்கு எனக்கு நேரமில்லை, ஆரின். பான்கேக் சட்டியையே இன்னும் கழுவலை." குரலில் கோபமில்லை. பலநாள் தூங்காத குரல். தலைக்கு மேலே கூரையோரம் மீன்பிடித் தூண்டில்கள் நான்கும் ஒரே கட்டாக, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தன.

"நேத்தே கட்டிட்டீங்களா?"

"நேத்து சாயங்காலம். கடைசி நாள்ல ஓடமுடியாது பாருங்க."

ஆரின் தூண்டில்களைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்.

*

பன்னிரண்டாம் எண் இடத்தில் ராய்ஸ் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பெருத்த உடம்பு, சிவந்த முகம், பாதி நுரை. அவருடைய படகு முந்தின நாளே பிக்கப்பின் மேல் கவிழ்த்து, பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. காலடியில் 'கர்னல்' என்ற கிழட்டு லாப்ரடார் நாய் எதையோ மென்றுகொண்டிருந்தது.

"கொக்கியா?" என்று ராய்ஸ் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நானா? அவன் அப்படியா சொன்னான்?"

"போலீஸைக் கூப்பிடுவாராம்," என்றாள் லவோன்.

"கூப்பிடட்டும். என் ட்ரெய்லருக்குச் சின்னக் குண்டு. அவனுது பெரிசு. அவன் கொக்கியை வெச்சுக்கிட்டு நான் என்ன, பேப்பர் பறக்காம மேலே வைக்கவா?"

அதற்குள் லவோன் குனிந்து கர்னலின் வாயிலிருந்து எதையோ பிடுங்கினாள். பச்சை டென்னிஸ் பந்து. ஒரு பக்கம் கத்தியால் கீறப்பட்டிருந்தது. கறுப்பு மையில் 'டர்வுட்' என்ற எழுத்து பாதி கரைந்து தெரிந்தது. வெற்றியோடு ஆரினைப் பார்த்தாள். ராய்ஸின் முகம் நுரையை விட வெளுத்தது.

"இது எங்கிருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியாது, ஆரின். சத்தியமா. ஏழு மணிக்குக் கரையோரம் ஓடிட்டு இதைக் கவ்விட்டு வந்துது."

ஆரின் பந்தை அழுத்தினார். கீறல் வழியே தண்ணீர் பீய்ச்சியடித்தது. உள்ளே கிரீஸ், அதில் ஒட்டிய பச்சைப் பாசி. முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சட்டை நனைந்தது, பொருட்படுத்தவில்லை.

"புதன்கிழமை என்ன பேசினீங்க ராய்ஸ்?"

ராய்ஸ் துண்டால் முகத்தைத் துடைத்தார். "வரும்போது அவன் பின்னாடிதான் நான் வந்தேன். ரெண்டு தடவை நடுக்கோட்டைத் தாண்டிப் போனான். ஒரு பாலத்துக் கைப்பிடியை உரசினான். நிறுத்தவே இல்லை. போதும்டா, வித்துடுடான்னேன். நான் சொன்ன விதம் தப்பா இருக்கலாம். ரெண்டு பீர் உள்ளே போயிருந்தது."

"அதுக்கு முன்னாடி சண்டை ஒண்ணும் இல்லையே?"

"சீட்டாட்டத்துல கூட இல்லை. இந்த வருஷம் பாவம், தினம் தோத்தான். கையில இருக்கிற சீட்டுல கடைசி ஒண்ணை எண்ணவே மாட்டேங்கறான். நாலு சீட்டை வெச்சுக்கிட்டு மூணுக்குப் புள்ளி போடறான். அதுவும் நல்ல சீட்டு! நான்தான் எடுத்துக் குடுப்பேன். அதுக்கும் திட்டு."

"எந்தப் பக்கத்துச் சீட்டு?"

ராய்ஸ் காற்றில் சீட்டைப் பிடிப்பதுபோலக் கையை வைத்துப் பார்த்தார். "இந்த ஓரம். இடது."

*

படகுத்துறையில் விறகு தள்ளும் கைவண்டி நின்றது. "நான் இதை நேத்து விறகுக் கொட்டகையில வெச்சுப் பூட்டாம விட்டேன்," என்று லவோன் முணுமுணுத்தாள். "எவன் இங்கே தள்ளிட்டு வந்தான்?" துறைக்கு அருகே தண்ணீர் முழங்கால் ஆழம்தான், நூறடிக்கு அடிமணல் வரிவரியாகத் தெரிந்தது. அங்கே கொக்கி ஏதும் இல்லை. கட்டியிருந்த படகு ஒன்றே ஒன்று, டர்வுடுடையது. வடக்கிலிருந்து லேசான காற்று அலையைக் கரைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு லூன் பறவை கூவியது. அதற்கும் அலுப்புப் போலிருந்தது.

ஆரின் துறைப்பலகையில் உட்கார்ந்தார். எழ மனமில்லை.

"ராய்ஸ்தான்," என்றாள் லவோன். "பந்து அவன் நாய் வாயில. காரணமும் இருக்கு. இவனை ஓட்டவிடாம தடுக்க எடுத்திருக்கான். நல்ல எண்ணத்துல பண்ணின திருட்டு. எப்படி?"

"பாதி சரி."

"எந்தப் பாதி?"

"நல்ல எண்ணம்."

"சும்மா புதிர் போடாதே ஆரின். சரி, யார் எடுத்தா என்ன, இப்போதைக்கு உன் கொக்கியைக் குடேன். அதே அளவுதானே? நீ செப்டம்பர் வரை நகரப்போறதில்லை. அந்த மனுஷன் பன்னெண்டு மணிக்குப் போகட்டும், அப்புறம் நாம சாவகாசமா கண்டுபிடிக்கலாம்."

"குடுக்கலாம். ஏழு மணிக்கே குடுத்திருக்கலாம்."

"பின்னே?"

ஆரின் தெற்கே போகும் நெடுஞ்சாலையை நினைத்துக்கொண்டிருந்தார். நான்கு மணி நேரப் பயணம், சனிக்கிழமை, எதிரே நகரத்திலிருந்து வரும் குடும்பங்கள். அந்தச் சாலையில் எந்த வளைவில் எத்தனை அடிக்கு டயர்த்தடம் விழும் என்று அவர் நாடாவைப் பிடித்து அளந்தவர். அளந்த இடங்கள் இன்னமும் நினைவில் இருந்தன. அவருக்கு விடை தெரிந்துவிட்டது. அதைச் சொல்லப் போகவேண்டுமே என்பதுதான் மலைப்பாக இருந்தது.

"மணி என்ன?"

"ஒன்பதே கால்."

"எல்லாரையும் பதினொண்ணாம் நம்பர் மேசைக்கு வரச்சொல்லு. நேத்து நீ பண்ணின ரூபார்ப் கேக் மிச்சமிருந்தா கொண்டு வா. எப்படியும் யாரும் சாப்பிடப் போறதில்லை, ஆனா கையில எதையாவது வெச்சுக்கணும் பார்."

*

இரண்டு பிர்ச் மரங்களுக்கு அருகே மேசை இருந்தது. ஒரு பக்கம் ராய்ஸ், காலடியில் கர்னல். எதிர்ப்பக்கம் டர்வுடும் மார்லிஸும். லவோன் கேக்கை வெட்டினாள். ஆரின் கடைசியாக வந்தார். கையில் கோணிப்பையில் ஏதோ கனமாக இருந்தது. அதைக் காலடியில் வைத்தார்.

"டர்வுட்," என்றார், "நாம ரெண்டு பேர் மட்டும் தனியா பேசலாமா?"

"எதுக்குத் தனியா? இவனை எல்லார் முன்னாடியும் திருடன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"நல்லா யோசிச்சுக்கோங்க."

"சொல்லுங்க, ஷெரீஃப்."

ஆரின் ஈரப்பந்தை மேசைமேல் வைத்தார். டர்வுட் அதைப் பார்த்தார், கண்ணை எடுக்கவில்லை.

"முதல்ல ராய்ஸ். அவருக்கு அந்தக் கொக்கி பொருந்தாது. ஒளிச்சு வெச்சார்னு சொல்லலாம், ஆனா ஒளிக்கலை. பந்துக்குள்ள தண்ணி, பாசி. கொக்கி ஏரியில இருக்கு. விழுந்தப்போ பந்து கழண்டு மிதந்து கரைக்கு வந்துது, நாய் கவ்வுச்சு. துறையோரம் தண்ணி முழங்கால் ஆழம், அடி தெரியுது. அப்போ ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் போடணும். படகு வேணும். ராய்ஸோட படகு நேத்தே பட்டை கட்டி மேலே ஏறிடுச்சு. தண்ணியில இருந்தது ஒரே படகு."

"என் படகை எடுத்துட்டுப் போயிருப்பான்," என்றார் டர்வுட். குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"அஞ்சு மணிக்கு நீங்களே எடுத்துட்டுப் போயிட்டீங்க. மீன் பிடிக்க. தூண்டில் நாலும் கூரையில மூணு முடிச்சோட கட்டிக் கிடக்கு. முடிச்சு நேத்து மார்லிஸ் போட்டது."

ராய்ஸ் நிமிர்ந்தார். லவோன் கேக் கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றாள். மார்லிஸ் மட்டும் அசையவில்லை.

"அப்புறம் அந்த ரப்பர் மூடி," என்று ஆரின் தொடர்ந்தார். "திருடன் கொக்கியை உருவிட்டு ஓடுவான். குழாய்க்குள்ள தூசி போகுமேன்னு கவலைப்பட்டு மூடியைத் தேடி எடுத்து அழுத்தமா மாட்டிட்டுப் போகமாட்டான். நாப்பது வருஷமா கொக்கியைக் கழட்டின உடனே மூடி போடற கை அது. மனசு எங்கே இருந்தாலும் கை அதுபாட்டுக்குச் செஞ்சிடும்."

"அதெல்லாம் ஒரு சாட்சியா?" என்றார் டர்வுட்.

"இல்லை. அதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. காலையில ஏழு மணிக்கே சந்தேகம் வந்ததுக்குக் காரணம் வேற." ஆரின் கோணிப்பையைத் தூக்கி மேசையில் வைத்துப் பிரித்தார். அவருடைய சொந்தக் கொக்கி, கிரீஸ் மினுங்க. "இந்த முகாம்ல யாருக்கு எது இல்லாமப் போனாலும் முதல்ல என்ன செய்வோம்? பக்கத்துல கேப்போம். சக்கரை, ஜாக்கி, தண்ணிக்குழாய், எதுவானாலும். யார் எடுத்தாங்கறது அப்புறம். பன்னெண்டு மணிக்குக் காலி பண்ணவேண்டியவர் என்கிட்ட வந்தார். அதே அளவு கொக்கி என் பிக்கப்புல இருக்கு, அது அவர் முழங்கால்லேயே இடிச்சுது. குனிஞ்சு அதைப் பாத்துத் திட்டினார். 'இதைக் கொஞ்சம் குடுங்க ஷெரீஃப்'னு கேக்கலை. இருபத்தாறு வருஷமா இங்கே வர்ற ஆள் அதைக் கேக்கலைன்னா, அவருக்குக் கொக்கி வேண்டாம்னு அர்த்தம்."

கர்னல் மேசைக்கு அடியிலிருந்து பந்துக்காக முனகியது.

"ஏன் வேண்டாம்னு யோசிச்சேன். இடது பக்கம் வெச்ச காபி தெரியலை. இடது முழங்கால் இடிச்சுது. சீட்டுல இடது ஓரம் எண்ணப்படலை. ட்ரெய்லரோட இடப்பக்கம் நசுங்கியிருக்கு. பின்னோக்கி ஓட்டவேண்டிய இந்த இடத்தை விட்டுட்டு பதினாலுக்குப் போனீங்க. எப்போலேர்ந்து டர்வுட்?"

டர்வுட் பிர்ச் மரத்தைப் பார்த்தார். அதன் பட்டையில் பழைய பெயின்ட் உரசல்கள், ஒரு வருடத்துக்கு ஒன்றாக.

"மார்ச்," என்றார் கடைசியில். "ஒரு நாள் காலையில முழிச்சேன், இடது பக்கம் பார்வை இல்லை. டாக்டர் ஓட்டக்கூடாதுன்னார். நான் யார்கிட்டயும் சொல்லலை."

"வரும்போது என்ன ஆச்சு?"

"பெட்ரோல் போட நிறுத்தினோம். வெளியே திரும்பறப்போ இடப்பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு சைக்கிள்ல. பத்து வயசு இருக்கும். மார்லிஸ் கத்தினா. நான் பிரேக்கை மிதிச்சப்போ அந்தக் கூடை மட்டும்தான் தெரிஞ்சுது. மஞ்சள் கூடை. வண்டியோட மூக்குக்கு இவ்வளவு தூரம்." விரல்களை விரித்துக் காட்டினார். "அந்தப் பொண்ணு கையாட்டிட்டுப் போயிட்டா. அவளுக்கு ஒண்ணுமே தெரியலை. ஒரு வாரமா கண்ணை மூடினா அந்தக் கூடைதான்."

"அப்போ சொல்ல வேண்டியதுதானேடா!" என்று ராய்ஸ் வெடித்தார். "நான் புதன்கிழமை அதைத்தானே சொன்னேன்! என்னைப் போய்த் திருடன்னு..."

"நீ சொன்னது சரிடா. அதுதான் எரிச்சல்." டர்வுடின் கண்கள் கலங்கிவிட்டன; அவர் துடைக்கவில்லை. "நாப்பது வருஷம் இழுத்தவன் 'என்னால முடியலை'ன்னு எப்படி வாயால சொல்றது? நான் ஓட்டமாட்டேன்னு சொல்லவும் வாய் வரலை, ஓட்டவும் பயம். கொக்கி இல்லேன்னா யாரும் கேக்கமாட்டாங்க பார். ஒளிச்சு வெச்சா நானே மறுபடி எடுத்து மாட்டிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதான் கைவண்டியில தள்ளிட்டுப் போய் ஏரியில போட்டேன்."

ராய்ஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று லவோன் காத்திருந்தாள். அவர் டர்வுடின் பக்கத்தில், இடப்பக்கத்தில், தொப்பென்று உட்கார்ந்து, "தள்ளு," என்றார். டர்வுட் தள்ளினார்.

ஆரின் கொக்கியை மேசை நடுவே நகர்த்தினார். "இதைக் குடுக்கறேன். செப்டம்பர்ல திருப்பிக் குடுத்தாப் போதும். யார் கையில குடுக்கறதுன்னுதான் காலையிலேர்ந்து தெரியலை."

டர்வுட் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். மேசையில் வைத்தார். ராய்ஸ் பக்கம் தள்ளப்போனவர் நிறுத்தினார். பிறகு வலப்பக்கம் திரும்பி, மனைவி முன்னால் நகர்த்தினார்.

மார்லிஸ் சாவியைத் தொடவில்லை.

"முப்பது வருஷம்," என்றார், "பனியில, மழையில, எழுபது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓட்டினேன். ஒரு கீறல் கிடையாது. நீ ஒருநாள், ஒரே ஒருநாள், 'நீ கொஞ்சம் இழுக்கிறியா மார்லிஸ்'னு கேட்டிருக்கியா?"

"இல்லை."

"டாக்டர் ஆபீஸ்லேர்ந்து போன் வந்தப்போ எடுத்தது நான். மார்ச்லேர்ந்து எனக்குத் தெரியும். நீயே சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன். அந்தப் பொண்ணு சைக்கிளுக்கு அப்புறம், நாமெல்லாம் ஊர் போய்ச் சேரமாட்டோம்னே நினைச்சேன். அப்பவும் வாயைத் திறக்கலை. அது என் தப்பு." ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இப்போ கேளு."

டர்வுட் கேட்டார். மிகவும் மெல்லிய குரலில் கேட்டார். ஆரினுக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

மார்லிஸ் சாவியை எடுத்துக்கொண்டார்.

*

பதினொன்றரைக்கு லவோன் முகாமின் குறிப்பேட்டுடன் வந்தாள். "என்னன்னு எழுதறது? திருட்டா, பொய்ப்புகாரா?"

"கொக்கி ஒன்று ஏரியில் விழுந்தது. வேறு கொக்கி கொடுக்கப்பட்டது."

"அவ்வளவுதானா? இவ்வளவு நல்ல வழக்கு!"

"அவ்வளவுதான். அந்தக் கைவண்டியை மறுபடி கொட்டகையில வை. பூட்டு."

வெளிவாசலில், இட எண் அட்டைகளைத் திரும்ப வாங்குவதற்காக ஆரின் கம்பத்தில் சாய்ந்து நின்றார். இடுப்பு வலித்தது. இரண்டு மணிக்கு அடுத்த கூட்டம் வந்துவிடும். அதில் யாருக்காவது ஏதாவது காணாமல் போகும். முதலில் ராய்ஸின் பிக்கப் போயிற்று, ஜன்னலில் கர்னலின் தலை, வாயில் பச்சைப் பந்து. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ராய்ஸ் மெதுவாகப் போனார்.

அடுத்து மார்லிஸ். இடப்பக்க ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்து, பேருந்து ஓட்டுவதுபோல முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டர்வுட் அவருடைய பின்னல் பையையும் காபிக் குடுவையையும் மடியில் வைத்துக்கொண்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார். அட்டையை அவர்தான் நீட்டினார்.

"நன்றி, ஷெரீஃப்," என்றார்.

"போய்ட்டு வாங்க."

நெடுஞ்சாலை விளிம்பில் மார்லிஸ் வண்டியை முழுதாக நிறுத்தினார். இடப்பக்கம் நிதானமாகப் பார்த்தார். தலையைத் திருப்பாமலே, "என் பக்கம் காலி," என்றார். "உன் பக்கம் நீ சொல்லு."

டர்வுட் திரும்பினார். வலது கண்ணால், வலப்பக்கச் சாலையை, வளைவு வரைக்கும், நேரம் எடுத்துப் பார்த்தார்.

"வலப்பக்கம் காலி," என்றார். "போ."